பெண் பிள்ளைக்கு ஷூ வாங்கும்முன் பாதத்தை அளங்க

சாயங்காலம் அளங்க, அப்போதுதான் பாதம் சற்றே வீங்கியிருக்கும். சுவரோரம் தாள் போட்டு, குதிகால் சுவரைத் தொட, பிள்ளையை நிற்க வையுங்க. உட்கார்ந்து அளந்தால் குறைவாகக் காட்டும். நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு, இரண்டு காலையும் அளந்து, பெரிய அளவோடு 1 செ.மீ. கூட்டுங்க. ஷூவுக்குள் இருக்கும் அட்டையை உருவி இந்த நீளத்தோடு ஒப்பிடுங்க. சைஸ் எண்ணை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'வளர்ற பிள்ளை' என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால், கழன்றுவிடாமலிருக்க விரலை மடக்கியே நடப்பாள்.

பெண் பிள்ளை மாடல்கள் பல முன்பக்கம் கூர்மையாக, ஒடுக்கமாக வருகின்றன. சுண்டு விரல் நசுங்கினால் பையன்கள் வரிசையில் பாருங்க, வெட்கமென்ன இதில்? குதிகால் பகுதி அழுத்தினால் அமுங்கக் கூடாது. வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளையணும், நடுவில் இல்லை. கொலுசு போடும் பிள்ளையென்றால் கொலுசோடே போட்டுப் பாருங்க. ஷூ விளிம்பு அதை அழுத்தினால் கணுக்காலில் தோல் உரியும்.

ராமநாதபுரம் கரையில் இன்னொரு தொல்லை சீமைக்கருவேல முள். மெல்லிய ஸ்பான்ஜ் அடியை ஊசிபோலத் துளைத்துவிடும். கெட்டி ரப்பர் அடியே எடுங்க. உப்புக்காற்றில் இரும்பு பக்கிள் துருப்பிடிக்கும். வெல்க்ரோவில் மணல் ஏறினால் ஒட்டாது, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தெடுங்க. கடல்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்க. வெயிலில் வைத்தால் பசை விட்டு அடி பிளக்கும்.

மூன்று மாதத்துக்கொரு முறை மறுபடி அளங்க.