யாழ்ப்பாணத்தில் கியர் கார் பழக நல்ல ஆளைப் பிடிப்பது எப்படி?

விளம்பரப் பலகையைப் பார்த்துப் போய்க் காசு கட்டாதீர்கள். அண்மையில் லைசென்ஸ் எடுத்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அதுவும் "பாஸா?" என்று இல்லை, "கிளச் விடத் தெரியாமல் கார் நின்றபோது அந்த ஆள் கத்தினாரா?" என்று. கத்துகிறவரிடம் பழகினால் பயம்தான் மிஞ்சும்.

பிறகு காரைப் பாருங்கள். பழக்குகிறவர் பக்கத்திலும் பிரேக், கிளச் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் எல் போர்ட். ஒரு பாடத்தில் எத்தனை நிமிடம் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், காரில் இன்னும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுப்பது பழக்குவது இல்லை, ஊர் சுற்றிக் காட்டுவது.

யாழ்ப்பாணம் தட்டையான ஊர், ஏற்றத்தில் காரை நிறுத்தி எடுக்க இடம் கிடைப்பது கஷ்டம். அதை எங்கே பழக்குவார் என்று கேளுங்கள், மதகடி ஏற்றமோ வீட்டு வாசல் சரிவோ ஏதாவது சொல்வார். "அது தேவையில்லை" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

முதல் நாள் பண்ணைக் கடலோரப் பக்கம் விடியற்காலையில் ஓடலாம். ஆனால் ரியூஷன் விடும் நேரம் நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில், சைக்கிள்களுக்கு நடுவே, முதலாம் கியரில் ஊர்ந்து போக விடுகிறவர்தான் சரியான ஆள்.