மோடம் டிரைவரில் சாக்கெட் எண் குழப்பத்தைச் சரிசெய்வது எப்படி?

மோடம் வழியாக ஒரே ஓர் இணைப்பைத் திறந்து வேலை செய்யும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். எம்க்யூடிடி (கருவிகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் நெறிமுறை)-க்கு ஒன்று, ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு இன்னொன்று என இரண்டாவது சாக்கெட் (இணைப்பின் முனை) வந்ததும் தொல்லை ஆரம்பிக்கும். ஒன்றுக்கு வந்த டேட்டா இன்னொன்றில் போய் விழும். மூடிவிட்ட சாக்கெட்டுக்கு அறிவிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்துப் புது சாக்கெட்டே திறக்காது. டிரைவர் எழுதப் பழகுகிறவர்கள் முதலில் நெட்வொர்க்கைத்தான் சந்தேகிப்பார்கள். அதற்கு முன்னால் டிரைவர் சாக்கெட் எண்ணை எப்படிக் கையாளுகிறது என்று பாருங்கள்.

ஸெஃபிர் என்ற ஆர்டிஓஎஸ்-இல் (சிறு கருவிகளுக்கான நிகழ்நேர இயங்குதளம்) உள்ள மோடம் சாக்கெட் அடுக்கை மனதில் வைத்துச் சொல்கிறேன். வேறு ஆர்டிஓஎஸ் என்றாலும் செய்ய வேண்டியது இதேதான்.

படி 1: மூன்று எண்களைப் பிரியுங்கள்

ஒரு சாக்கெட்டுக்கு டிரைவருக்குள் மூன்று எண்கள் உண்டு. அப்ளிகேஷன் கையில் இருப்பது ஃபைல் டிஸ்கிரிப்டர். டிரைவரின் அரேயில் அது உட்கார்ந்திருக்கும் இடம் ஸ்லாட் எண். மோடத்தோடு பேசும் எழுத்துக் கட்டளைகளான ஏடி கட்டளைகளில் போய் வருவது மோடம் எண். முதல் சாக்கெட்டுக்குக் கடைசி இரண்டும் பல மோடங்களில் 0 ஆகவே அமைந்துவிடுவதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டாலும் நிரல் ஓடும். பிழை வெகுநாள் ஒளிந்திருப்பது இதனால்தான். ஸ்ட்ரக்ட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வையுங்கள். வெறும் ‘ஐடி’ என்ற பெயர் வேண்டாம்.

படி 2: எண்ணைக் கொடுப்பது யார்?

இது மோடத்துக்கு மோடம் மாறும். யூ-பிளாக்ஸ் சாரா-ஆர்4-இல் ‘யூஎஸ்ஓசிஆர்’ கட்டளையோடு டிசிபி-க்கு 6, யூடிபி-க்கு 17 என்று அனுப்பினால், சாக்கெட் எண்ணை மோடமே பதிலில் தரும். அது 0 முதல் 6 வரை எதுவாகவும் இருக்கலாம். க்வெக்டெல் பிஜி96-இல் தலைகீழ்: ‘க்யூஐஓபன்’ கட்டளையில் 0 முதல் 11 வரை ஓர் எண்ணை நாமே கொடுக்க வேண்டும். டெலிட் மோடங்களின் ‘எஸ்டி’ கட்டளையிலும் எண் நம்முடையதுதான், ஆனால் கணக்கு 1-இல் தொடங்கும்.

அதனால் தொடக்க எண் எது, எண்ணை டிரைவரே ஒதுக்குமா என்ற இரண்டு தகவல்களும் தொடக்க அமைப்பிலேயே போக வேண்டும். ஸெஃபிரின் இனிட் ஃபங்ஷனும் இந்த இரண்டையும் கேட்கிறது. மோடமே எண்ணைக் கொடுக்கும் வகை என்றால், டிரைவர் ஊகித்து எதையும் நிரப்பக் கூடாது.

படி 3: ‘இன்னும் எண் வரவில்லை’ என்பதற்கு ஓர் அடையாளம்

மெம்செட் (நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்) போட்டு ஸ்ட்ரக்ட்டை 0 ஆக்கினால், எல்லா ஸ்லாட்டுக்கும் மோடம் எண் 0 என்று ஆகிவிடும். 0 உண்மையான எண். ஆகவே -1 வையுங்கள், அதுவும் குறியுள்ள இன்டிஜர் வகையில். 8 பிட் அன்சைன்ட் வகையில் -1 போட்டால் அது 255 ஆகி, ‘0-க்குக் கீழே இருக்கிறதா’ என்ற சோதனை ஒருபோதும் நிறைவேறாது. ஸெஃபிர், கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைக் காலி அடையாளமாக வைக்கிறது. அதுவும் சரிதான், ஆனால் அரேயின் நீளம் மோடத்தின் உச்ச எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும்.

படி 4: பதிலைப் படித்து எண்ணைப் பதியுங்கள்

இங்கே எழுத்தை எண்ணாக மாற்றும் ‘ஏ-டு-ஐ’ ஃபங்ஷனைத் தவிருங்கள். குப்பை எழுத்து வந்தாலும் அது 0 தரும். டிரைவர் அதை முதல் சாக்கெட் என்று நம்பிவிடும். ‘ஸ்டர்-டு-எல்’ பயன்படுத்தி, இலக்கம் எதுவும் படிக்கப்பட்டதா என்று எண்ட் பாயிண்டரைப் பாருங்கள். அப்புறம்:

எண்_பதி(ஸ்லாட், எண்):
    எண் மோடத்தின் எல்லைக்குள் இல்லை என்றால் → பிழை
    வேறு ஸ்லாட்டில் அதே எண் இருந்தால் → அந்த ஸ்லாட்டின் எண் = -1
    ஸ்லாட்.மோடம்_எண் = எண்

நடு வரியைக் கவனியுங்கள். மோடம் ஓர் எண்ணைப் புதிதாகத் தருகிறது என்றால், பழைய இணைப்பு அங்கே ஏற்கெனவே போய்விட்டது, அந்தச் செய்தியை நாம் தவறவிட்டிருக்கிறோம் என்று பொருள். மோடம் சொல்வதை நம்பிப் பழைய ஸ்லாட்டைத்தான் துண்டிக்க வேண்டும். எண்ணை நாமே தரும் மோடம் என்றால் அதே நிலை டிரைவரின் பிழை. அங்கே எரர் கொடுத்து நிறுத்துங்கள்.

படி 5: தேடலை இரண்டாகப் பிரியுங்கள்

அப்ளிகேஷன் பக்கமிருந்து வரும் அழைப்புகள் ஃபைல் டிஸ்கிரிப்டரை வைத்து ஸ்லாட்டைத் தேடட்டும். மோடம் தானாக அனுப்பும் யூஆர்சி அறிவிப்புகள் மோடம் எண்ணை வைத்துத் தேடட்டும். ஸ்லாட் எண்ணை எதிலும் நேரடியாகப் போடாதீர்கள். யூஆர்சி வேறு த்ரெட்டில் ஓடுவதால் தேடலுக்குப் பூட்டு (மியூட்டெக்ஸ்) அவசியம்.

படி 6: மூடுவதுதான் கடினம்

பலர் ஒரே கொடியில் (ஆம்/இல்லை என்ற ஃப்ளாக்) முடித்துவிடப் பார்ப்பது இங்கேதான். ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளதா என்பது ஒரு கேள்வி. மோடத்தில் அதற்கு எண் உள்ளதா என்பது வேறு கேள்வி. எதிர்முனை இணைப்பைத் துண்டித்தால் சாரா-ஆர்4 போன்ற மோடங்களில் மோடம் எண் போய்விடும். ஆனால் அப்ளிகேஷன் இன்னும் க்ளோஸ் செய்யவில்லை. படிக்காத டேட்டாவும் பஃபரில் இருக்கலாம். அப்போது எண்ணை மட்டும் -1 ஆக்குங்கள், ஸ்லாட்டை விடுவிக்காதீர்கள். பிறகு அப்ளிகேஷன் க்ளோஸ் செய்யும்போது எண் -1 என்றால் மோடத்துக்குக் கட்டளை அனுப்பாமல் ஸ்லாட்டை மட்டும் விடுவித்தால் போதும். பிஜி96-இல் எதிர்முனை துண்டித்தாலும் மூடும் கட்டளை அனுப்பிய பிறகே எண் விடுபடும், அதன் பிறகே -1 ஆக்குங்கள்.

நாமே மூடும்போது வரிசை முக்கியம்: மோடத்துக்கு மூடும் கட்டளை, அதன் பதில், அதற்குப் பிறகே எண்ணையும் ஸ்லாட்டையும் அழிப்பது. முந்திக்கொண்டு அழித்தால், பழைய இணைப்பின் தாமதமான அறிவிப்பு அதே எண்ணில் வந்த புது சாக்கெட்டைப் போய்ச் சேரும்.

சாக்கெட் உருவாகி, கனெக்ட் மட்டும் தோற்றாலும் மோடத்தில் அதை மூடத்தான் வேண்டும். பிஜி96-இல் 150 விநாடிக்குள் ‘க்யூஐஓபன்’ முடிவு வரவில்லை என்றால் ‘க்யூஐக்ளோஸ்’ என்ற மூடும் கட்டளையை அனுப்புங்கள். மோடம் ரீசெட் ஆனால் எல்லா எண்களையும் ஒரேயடியாக -1 ஆக்கிவிடுங்கள்.

படி 7: சோதனை

ஃபைல் டிஸ்கிரிப்டரையும் மோடம் எண்ணையும் ஒரே பதிவு (லாக்) வரியில் அச்சிடுங்கள். இரண்டு சாக்கெட் திறந்து, முதலாவதை மூடி, மூன்றாவதைத் திறந்து, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வேறு வேறு எழுத்துகளை அனுப்பிப் பாருங்கள். சரி, அது தேறியதும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, எந்த நிரலும் இணைப்புக்காகக் காத்திராத போர்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது சாக்கெட்டில் தொடர்ந்து கனெக்ட் செய்யுங்கள். சாரா-ஆர்4-இல் 7 சாக்கெட்டுகள்தான். எட்டாவது முயற்சியில் சாக்கெட் உருவாக்கமே தோற்றால், தோல்விப் பாதையில் மூடும் கட்டளை இன்னும் விடுபட்டிருக்கிறது.