பற்காரை எடுக்கக் கை பழகுவது: முதல் முறை ஸ்கேலர் பிடிப்பவர்களுக்கு

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்ததுமே கேட்டார்: "இன்னாம்மா, சொரண்டனா பல்லு ஆடிப் பூடும்னு சொல்றாங்களே, மெய்தானா?"

வேலூரில் ஸ்கேலிங்குக்கு, அதாவது பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டி எடுக்க, வரும் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. பதில் சொல்லிவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும். அவருடைய கீழ் முன்பற்கள் ஏற்கெனவே எலும்புப் பிடிமானம் இழந்தவை. நான்கையும் காரைதான் ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்தால் ஆட்டம் தெரியும், இடைவெளி தெரியும். அதனால் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து, "ஐயா, இந்த மஞ்சக் கல்லு எடுத்தப்பறம் இங்க சந்து தெரியும், நாக்குல படும், பயப்படாதீங்க" என்று காட்டினேன். முன்பே சொன்னால் அது விளக்கம். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

இது ஆசிரியர் மேற்பார்வையில் பழகும் மாணவர்களுக்கான குறிப்பு. கடையில் விற்கும் கருவியையோ ஊக்கையோ வைத்து வீட்டில் சுரண்டாதீர்கள். ஈறு கிழியும், காரையும் அப்படியே இருக்கும்.

கருவி எடுக்கும் முன் கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறாரா, செயற்கை இதய வால்வு வைத்திருக்கிறாரா? நம் ஊரில் இதைத் தவறவே விடக் கூடாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோட்டு லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் பல் வலி என்று நம்மிடமும் வருவார்கள். வால்வு மாற்றியவருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் ஸ்கேலிங் தொடங்கக் கூடாது. அதை முடிவு செய்வது டாக்டர்.

காரை எங்கே இருக்கும்? உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடத்தில் முதலில் தேடுங்கள்: கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம், மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கம். ஏர் சிரிஞ்சால் காயவைத்தால் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியும். ஈறுக்குக் கீழே இருப்பது கறுத்து இறுகியிருக்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, எக்ஸ்ப்ளோரர் என்ற மெல்லிய கூர்முனைக் கருவியால் தடவித்தான் உணர வேண்டும்.

ஈறுக்கு மேலே உள்ள காரைக்கு அரிவாள் வடிவச் சிக்கிள் ஸ்கேலர். அதன் முனை கூர்மை, முதுகும் கூர்மை, அதனால் ஈறுக்குள் ஆழமாக நுழைக்கக் கூடாது. ஈறுக்குக் கீழே க்யூரெட். அதன் முனையும் முதுகும் உருண்டை. யுனிவர்சல் க்யூரெட்டுக்கு இரண்டு விளிம்பும் வெட்டும். கிரேசி என்ற இன்னொரு வகை க்யூரெட்டின் பிளேடு சாய்ந்திருப்பதால் தாழ்ந்திருக்கும் ஒரு விளிம்பு மட்டுமே வேலை செய்யும். முன்பற்களுக்கு 1/2 எண், கடைவாய்ப்பற்களின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14. மற்ற எண்கள் பழகப் பழக வரும்.

இனி பிடி. இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள், மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியில் எதிரெதிரே. நடுவிரலின் மெத்தைப் பகுதி ஷாங்கின் மேல், அதாவது கைப்பிடிக்கும் பிளேடுக்கும் இடையிலுள்ள கழுத்தின் மேல். எழுதும் பேனாவில் நடுவிரல் அடியில் தாங்கும், இங்கே மேலே படுத்திருக்கும். ஷாங்கின் அதிர்வு அந்த விரல் வழியாகத்தான் உங்களுக்குத் தெரியும். இறுக்கிப் பிடித்தால் விரல் மரத்துவிடும், காரை எது, பல் எது என்று தெரியாது. மோதிர விரலைப் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றுங்கள். இதுதான் ஃபல்க்ரம். உதட்டிலோ ஈறிலோ ஊன்றினால் வழுக்கும், அந்த வழுக்கலில்தான் கன்னம் கீறுகிறது. ஊன்று விரல் நடுவிரலோடு ஒட்டியே இருக்கட்டும். மோதிர விரல் ஊன்றாத வரை பிளேடு பல்லைத் தொடக் கூடாது என்று என்னிடம் பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

வீட்டில் பழக ஒரு வழி உண்டு. முட்டை ஓட்டின் மேல் நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு, ஓடு உடையாமல் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தம் போதும் என்று கை கற்றுக்கொள்ளும்.

நோயாளியைச் சாய்த்து, அவர் வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி வையுங்கள். கீழ்ப்பல்லுக்குத் தாடை தாழட்டும், மேல்பல்லுக்கு உயரட்டும். கீழ் முன்பற்களில் தொடங்குங்கள்.

பிளேடின் முகத்தை, அதாவது இரண்டு விளிம்புக்கும் நடுவிலுள்ள பரப்பை, பல்லோடு ஏறக்குறையப் படிய வைத்து, காரையின் கீழ் விளிம்பு வரை மெதுவாக இறக்குங்கள். அங்கே பிளேடைத் திறந்து, முகத்துக்கும் பல்லுக்கும் இடையே 45 பாகைக்கு மேல், 90-க்குள் கோணம் வையுங்கள். 70, 80 நன்றாக வேலை செய்யும். 90-ஐத் தாண்டினால் மறு விளிம்பு ஈறைக் கிழிக்கும். கிரேசி என்றால், ஷாங்கில் பிளேடை ஒட்டிய கடைசிப் பகுதி பல்லுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். கொத்தனார் சுவரோரம் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது போல அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது பல்லின் மேல் பிளேடை அழுத்தி, 1 அல்லது 2 மில்லிமீட்டர் மட்டும் மேல்நோக்கி இழுங்கள். விரலை மடக்காதீர்கள். ஊன்றிய விரலை அச்சாக வைத்து மணிக்கட்டும் முன்கையும் அசையட்டும். இழுத்ததும் அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு அடுத்த இழுப்புக்குப் போங்கள். ஓயாமல் அழுத்தினால் மதியத்துக்குள் கை ஓய்ந்துவிடும். காரையின் ஓரத்தில் பிடித்துத் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுக்க வேண்டும், மேலே மேலே சீவக் கூடாது. பல்லின் வளைவு வரும்போது கைப்பிடியை விரல்களுக்கு இடையே உருட்டுங்கள். பிளேடின் முனைப்பகுதி எப்போதும் பல்லோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஈறில் குத்தும்.

பயிற்சிக் காலத்தில் நான் இதில் தவறினேன். மழுங்கிய க்யூரெட், படுத்த கோணம், அரை மணி நேர உழைப்பு. தடவிப் பார்த்தால் வழவழப்பு, எனக்குப் பெருமை. ஆசிரியர் எக்ஸ்ப்ளோரரை ஒரு முறை ஓட்டிவிட்டு, "காரை போவலைம்மா, மெருகேத்தி வெச்சிருக்கே" என்றார். அந்த அம்மாவுக்கு அடுத்த முறை வரும்போதும் அதே இடத்தில் ரத்தம் கசிந்தது. மெருகேறிய காரையைக் கண்டுபிடிப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். அன்றிலிருந்து கருவியின் கூர் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை.

கூர் பார்ப்பது எளிது. விளிம்பை வெளிச்சத்தில் திருப்புங்கள். மழுங்கியிருந்தால் வெள்ளைக் கோடாக மின்னும், கூராக இருந்தால் ஒளி பிரதிபலிக்காது. தீட்டும்போது கல்லுக்கும் பிளேடு முகத்துக்கும் இடையே 100 முதல் 110 பாகை வையுங்கள். க்யூரெட்டின் முனை உருண்டையாகவே இருக்க, அதையும் தனியாகத் தீட்ட வேண்டும்.

காரை போன பிறகு பல்லைக் கழுவி, காயவைத்து, எக்ஸ்ப்ளோரரை லேசான பிடியில் சாய்வாகவும் குறுக்காகவும் ஓட்டுங்கள். எங்காவது தட்டினால் அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும் என்றும், மென்மையான பிரஷ்ஷால் அன்று இரவே துலக்கலாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். ஈறுக்குக் கீழே வேலை செய்தவரை 4 முதல் 6 வாரத்தில் மறுபடி வரச் சொல்லி, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை மீண்டும் அளந்து பாருங்கள்.