மீந்த கோழியில் ஒரு வேளைச் சாப்பாடு: புதிதாக வந்தவர்களுக்கு

அயல்நாட்டில் வந்து இறங்கிய முதல் வாரங்களில் வயிறுதான் முதலில் வாடுகிறது. வீடு தேடுவது, வங்கிக் கணக்கு திறப்பது, வேலைக்கோ கல்லூரிக்கோ ஓடுவது என்று பகல் முழுவதும் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பி, பச்சைக் கோழியை நறுக்கி, மசாலா தடவி, ஊறவைத்துச் சமைக்கும் தெம்பு யாருக்கும் இருப்பதில்லை. ரொட்டித் துண்டும் நூடுல்ஸுமாகவே நாட்களைத் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது மீந்த கோழியை வைத்துச் சமைப்பதைத்தான்.

சூப்பர் மார்க்கெட்டில் சுட்டு விற்கும் முழுக்கோழி, விருந்தில் மிஞ்சியது, நேற்று வாங்கி வந்த சாப்பாட்டில் எஞ்சிய நாலு துண்டு என்று எதுவாக இருந்தாலும் சரி. அந்தக் கோழி ஏற்கெனவே வெந்துவிட்டது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சமையல் கைவந்துவிடும். பச்சைக் கோழியை முதலில் போட்டு வதக்கி வேகவைக்கும் பழக்கத்தில், வெந்த கோழியையும் முதலிலேயே வாணலியில் போட்டுவிடுகிறார்கள். வெந்த இறைச்சி மறுபடி வேகும்போது உள்ளே மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் இழந்து சக்கையாகிவிடுகிறது. ஆகவே, கோழியே இல்லாததுபோல மசாலாவை முழுவதுமாகச் செய்து முடியுங்கள்; கோழி கடைசியில் வரட்டும்.

அடுப்புக்குப் போகுமுன் பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் ஊரில் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகப் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்காது. சமைத்த இறைச்சியில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில். வசதியான சூழலில் சில வகைக் கிருமிகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எனவே சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சியதை மேசையிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்திற்குள் அது ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஃப்ரிட்ஜின் உட்புறம் 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். நீங்கள் குடியேறும் அறையில் பழைய ஃப்ரிட்ஜ் இருந்தால், ஒரு சிறு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பது நல்லது.

சூடாக எதையும் ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது என்று பலரும் நம்புகிறோம். ஆவி அடங்கியதும் வைக்கலாம். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும்; அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி வையுங்கள். அப்படி வைத்த கோழியை மூன்று, நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். சில நாடுகளின் உணவுப் பாதுகாப்புத் துறைகள் இரண்டே நாள் என்கின்றன. இரண்டு நாளைக் கணக்காக வைத்துக்கொள்வதே என் விருப்பம். அதற்குமேல் தேவை என்றால் முதல் நாளே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவுசெய்வதை மட்டும் நம்பாதீர்கள். நோய் தரும் கிருமிகள் பல, வாசனையையோ ருசியையோ மாற்றுவதில்லை. நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையல்ல. கிருமி செத்தாலும், அது முன்பே விட்டுச்சென்ற சில நச்சுகள் கொதிக்கும் சூட்டையும் தாங்கும்.

கோழி லேசான சூட்டில் இருக்கும்போதே கையால் பிய்ப்பது எளிது. ஃப்ரிட்ஜில் இறுகிவிட்டால் எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு நெஞ்சுக்கறியை அதன் நார் ஓடும் திசையிலேயே விரல் தடிமனுக்குப் பிய்த்தெடுங்கள். மிகவும் மெல்லிசாகப் பிய்த்தால் சூட்டில் பஞ்சாகிவிடும். தொடைக்கறியில் கொழுப்பும் பசைத்தன்மையும் அதிகம் என்பதால், அது மறுபடி சூடுபடுவதை நன்றாகத் தாங்கும். மீந்ததில் முதலில் எதை எடுப்பது என்றால் சமையலுக்குத் தொடையை எடுங்கள், நெஞ்சுக்கறியை ரொட்டிக்கு நடுவில் குளிர்ச்சியாகவே வைத்துச் சாப்பிடுங்கள். பிய்த்ததை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து வையுங்கள். மொத்தத்தையும் வெளியே எடுத்து, சூடாக்கி, மிஞ்சியதைத் திரும்ப வைத்து, மறுநாளும் சூடாக்குவது கூடாது. ஒருமுறை சூடாக்கியதை அந்த வேளையிலேயே முடித்துவிட வேண்டும்.

இனி அடுப்பு. ஒருவருக்கு இரண்டு கைப்பிடி பிய்த்த கோழி, ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, ஒரு தக்காளி, ஒரு தேக்கரண்டி மிளகு, இவ்வளவுதான். எண்ணெய் காய்ந்ததும் மெல்லியதாக அரிந்த வெங்காயத்தைப் போட்டு மிதமான சூட்டில் வதக்குங்கள். கண்ணாடிபோல ஆன உடனே நிறுத்திவிடாதீர்கள். ஓரங்கள் பழுப்பேறி, அடியில் இலேசாகப் பிடிக்கத் தொடங்கும்வரை, எட்டு பத்து நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். இந்தச் சமையலின் ருசி முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கோழியில் செய்ய வேண்டிய வேலை ஏதும் மிச்சமில்லையே. பிறகு நசுக்கிய இஞ்சி, பூண்டு. அதன் பச்சை வாசனை போனதும் தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும்போது மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டு, அது கொதித்ததும் கோழியைப் போட்டுப் புரட்டி மூடுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். உள்வரை ஆவி பறக்கும் சூடு ஏற வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் தடித்த துண்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். மூடியைத் திறந்து, கொரகொரப்பாகப் பொடித்த மிளகைத் தூவி, ஈரம் சுண்டியதும் இறக்கிவிடலாம்.

உப்பைக் கடைசியில், ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் சுட்டு விற்கும் கோழியைப் பெரும்பாலும் உப்பில் ஊறவைத்தே சுடுகிறார்கள். வழக்கமான அளவில் போட்டால் கரித்துவிடும்.

இவ்வளவு பூண்டும் மிளகும் எதற்கு என்று கேட்கலாம். ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள் இருந்த கோழியை வெறுமனே சூடாக்கினால் ஒரு பழைய கவிச்சி எழும். அது கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை. சமைத்த இறைச்சியின் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வருவது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் குறையும். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு சேர்ந்தால் மிச்சமும் அடங்கிவிடும்.

மின்சார அடுப்புக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். கம்பிச் சுருளோ கண்ணாடித் தட்டோ உள்ள அடுப்பு, அணைத்த பிறகும் பல நிமிடம் சூடாகவே இருக்கும். வெங்காயம் பழுப்பேறுவதற்குச் சற்று முன்பே சூட்டைக் குறைத்துவிட வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு உடனுக்குடன் கேட்கும், ஆனால் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் வேலை செய்யும். ஊரிலிருந்து பாத்திரம் கொண்டுவர நினைப்பவர்கள் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

புகை எச்சரிக்கைக் கருவி புதிதாக வருபவர்களை நடுங்கவைக்கிறது. தாளிக்கும்போது அது அலறினால் கட்டடமே வெளியே வந்து நிற்கும் நிலை சில விடுதிகளில் உண்டு. அதைத் துணியால் மூடுவதோ மின்கலத்தைக் கழற்றுவதோ ஆபத்து, பல இடங்களில் விதிமீறலும்கூட. அதற்குப் பதில் எண்ணெய் புகையும்வரை காயவிடாதீர்கள். சமைக்கத் தொடங்கும் முன்பே காற்றுப்போக்கி விசிறியைப் போட்டு, சன்னலைத் திறந்து, நடைவழிக் கதவைச் சாத்துங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் சேர்ப்பதாக இருந்தால் சூடான எண்ணெயில் நேராகத் தூவாமல் இரண்டு கரண்டித் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். நெடி எழாது, கருகாது, அடுத்த அறைக்காரரும் இருமமாட்டார்.

சோற்றோடு கிளறிச் சாப்பிட நினைத்தால், நேற்றைய சோறு உதிரியாக இருப்பதால் நன்றாக வரும். ஆனால் சோற்றுக்குக் கோழியைவிடக் கண்டிப்பு அதிகம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே ஆறிக்கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வடித்த ஒரு மணி நேரத்திற்குள் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இரவெல்லாம் மின்குக்கரில் அணைந்து கிடந்த சோறு வேண்டாம்.

அறையைப் பகிர்ந்துகொள்பவர்களிடம் முதல் வாரத்திலேயே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். சைவமாகச் சாப்பிடுபவரோ ஹலால் மட்டும் உண்பவரோ இருந்தால் வாணலியும் கரண்டியும் தனியாக இருப்பதே மரியாதை. ஃப்ரிட்ஜில் வைக்கும் டப்பாவில் உங்கள் பெயரையும் சமைத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.

எலும்பைத் தூக்கிப் போடவேண்டாம். அது மூழ்கத் தண்ணீர் விட்டு, அரை வெங்காயமும் சில மிளகும் போட்டு, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் விட்டால் அருமையான சூப் கிடைக்கும்; ஆறியதும் கூழ்போல இறுகினால் எலும்பின் சாறு நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். சக்கையை உணவுக் கழிவுத் தொட்டியிலோ, உங்கள் பகுதியில் சொல்லப்பட்ட தொட்டியிலோ போடுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும், பழுதுபார்க்கும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

ஃப்ரீசரில் வைத்த பொட்டலத்தை முந்தின இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் மறுநாள் மாலைக்குள் இளகிவிடும். அவசரத்தில் மேசைமேல் வைத்து இளக்காதீர்கள். மைக்ரோவேவில் இளக்கினால் உடனே சமைத்துவிடுங்கள். மதியத்திற்கு டப்பாவில் கொண்டுபோகிறவர்கள் குளிர்ப்பொதியோடு எடுத்துச் சென்று, அங்கே ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடியைத் தளர்வாக வைத்து, மைக்ரோவேவில் சூடாக்கி, பாதியில் ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு நிமிடம் அப்படியே விட்டு எடுங்கள். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்குவதில்லை; ஓரம் கொதிக்கும்போது நடு குளிர்ந்தே கிடக்கும்.