மஞ்ச ஜெர்சி போட்டுக்கினு சின்னசாமிக்குப் போறவங்க பண்ற தப்பெல்லாம்

கிருஷ்ணகிரியில இருந்து சேப்பாக்கம் போகணும்னா அஞ்சு மணி நேரம் பஸ்ல குந்தணும், அதுவே பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம்னா வீட்ல சோறு தின்னுட்டு மத்தியானம் கெளம்புனா டாஸுக்கு முன்னாடி சீட்ல இருக்கலாம், மொத்தமே 90 கிலோமீட்டர் சொச்சம். அதனால ஓசூரு, பர்கூரு, காவேரிப்பட்டணம், அந்தப் பக்கம் தருமபுரி பாலக்கோடு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச சிஎஸ்கே பசங்க, அதாவது மஞ்ச ஜெர்சி சென்னை டீமு ரசிகருங்க, நெறைய பேரு தோனிய முதல்ல நேர்ல பாத்ததே பெங்களூருலதான். அதாவது எதிர் டீம் ஊர்ல, எதிர் டீம் கேலரில. ஆனா அப்படி ஒரு நெனப்பே யாருக்கும் வராது. பக்கத்து ஊருதானே, மாமா வீடு அங்கதானே இருக்கு, பாதி பேரு வேலைக்கே அங்கதானே போறோம்னு சந்தைக்குப் போற மாதிரி கெளம்பிடுறோம். முதல் தப்பு அங்கதான் ஆரம்பிக்குது.

நான் பட்டதை சொல்லிடுறேன். நானும் என் மாமா பையனும் ஒரு ஐபிஎல் மேட்சுக்குப் போயிருந்தோம், உள்ள ஒரு பிரச்சனையும் இல்ல, சுத்தி எல்லாம் சிவப்பு ஜெர்சி, நாங்க ரெண்டு பேரு மஞ்ச, பக்கத்து சீட்டு ஆளு பாப்கார்ன் கூட குடுத்தாரு, விக்கெட் விழுந்தா அவரு எங்கள கிண்டல் பண்றாரு, சிக்ஸ் போனா நாங்க அவரை கிண்டல் பண்றோம். மேட்ச் முடிஞ்சு வெளிய வந்தோம். கூட்டமா இருக்கேன்னு மெயின் ரோட்ட விட்டுட்டு சந்துல பூந்தோம் பாருங்க, அவன் தோள்ல கொடி, வாயில விசில். நாலஞ்சு பசங்க வந்து கொடிய புடிச்சு இழுத்தானுங்க. இவன் விட்டிருக்கலாம், எண்பது ரூவா கொடி. விடல. ஒரே தள்ளு, நடைபாதை ஓரத்துல போயி விழுந்தான், முழங்கை கிழிஞ்சு போச்சு, போன் ஸ்கிரீன் போச்சு. ஒரு வயசான ஆட்டோக்காரரு வண்டிய குறுக்க உட்டு "ஜெர்சிய கழட்டிட்டு ஏறுங்கப்பா"ன்னாரு, ஏறிட்டோம்.

இதுல எனக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்காத விஷயம் என்னன்னா, கொடிய இழுத்த பசங்க திட்டுனது அக்மார்க் தமிழ்ல. பெங்களூருல பொறந்து வளந்த தமிழ்ப் பசங்க பெங்களூரு டீமுக்குத்தான் கத்துவானுங்க, அதுல என்ன தப்பு. அதனால "அவனுங்க கன்னடக்காரனுங்க, நாம தமிழனுங்க"ன்னு இதை ஒரு கணக்கா எடுத்துக்கிட்டுப் போறது அடுத்த தப்பு, கணக்கே தப்பு. ஓசூரு, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே வீட்டுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசுறோம், நமக்கே இது தெரியலன்னா யாருக்குத் தெரியும்.

கேலரியில உங்கள அடிக்கிறது கஷ்டம். கேமரா இருக்கு, போலீஸ் இருக்கு, பக்கத்துல குடும்பத்தோட வந்தவங்க இருக்காங்க, எல்லாரோட கண்ணும் கிரவுண்டு மேல. இதெல்லாம் கேட்டைத் தாண்டி இருநூறு மீட்டர் போனதும் ஒவ்வொண்ணா காணாம போயிடும், அங்க நீங்க மட்டும் மஞ்சளா தெரிவீங்க. 2011-ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் ஸ்டேடியத்துல சான்பிரான்சிஸ்கோ டீமுக்கு சப்போர்ட் பண்ண வந்த ஒருத்தர, தொழில்ல ஆம்புலன்ஸ்ல வேலை பாக்கறவரு, அடிச்சு மூளை பாதிச்சு ஆயுசுக்கும் ஊனமாக்கிட்டாங்க. நடந்தது கேலரில இல்ல, பார்க்கிங்ல, மேட்ச் முடிஞ்சதுக்கப்புறம்.

அதனால ஜெர்சிய பத்தி என் கருத்து இது: உள்ள போடுங்க, தாராளமா போடுங்க, அதுக்குத்தானே போறோம். மேல ஒரு சாதா சட்டை எடுத்துக்கினு போங்க, கடைசி ஓவர் முடிஞ்சதும் சீட்லயே மாட்டிக்கோங்க. கொடி, முகத்துல பூசுற பெயிண்ட், இதெல்லாம் வேணாம், சட்டைய மாட்டிக்கலாம், பெயிண்ட் எங்க போயி கழுவுவீங்க. பெரிய பேக், பவர் பேங்க், தண்ணி பாட்டில்லாம் கேட்லயே புடுங்கிடுவாங்க, அதனால எடுத்துக்கினு போறதே ஒரு மடிச்ச சட்டை, போன், காசு, அவ்ளோதான். இது கோழைத்தனம்னு என் பிரண்டு ஒருத்தன் சொல்வான். அவன் எல்லா மேட்சையும் வீட்டு டிவியிலதான் பாக்குறான்.

அப்புறம் ஒரு தப்புக் கணக்கு இருக்கு, நம்ம டீம் தோத்துட்டா பிரச்சனை இல்ல, ஜெயிச்சாதான் அடிப்பானுங்கன்னு. 2024 மே 18 நெனப்பிருக்கா, மேட்ச் தோத்தாலும் சிஎஸ்கே 201 அடிச்சா போதும் பிளேஆஃப், அதாவது அடுத்த சுத்து போயிடலாம், 191-ல நின்னுடுச்சு, பெங்களூரு டீமு ஆர்சிபி 27 ரன்ல ஜெயிச்சு உள்ள போச்சு. ஜெயிச்ச ஊரு, சந்தோஷமா இருக்க வேண்டிய ஊரு. ஆனா அன்னிக்கு ராத்திரி வெளிய வந்த மஞ்ச ஜெர்சிக்காரங்கள மறிச்சு தொல்லை பண்ணாங்கன்னு சோஷியல் மீடியா முழுக்க புகாருதான். எகிப்துல போர்ட் சையதுன்னு ஒரு ஊரு, 2012 பிப்ரவரி 1, ஃபுட்பால் மேட்ச், உள்ளூர் டீம் 3-1-ன்னு ஜெயிச்சுது, ஜெயிச்ச பக்கத்து ஆளுங்க கிரவுண்டுல எறங்கி ஓடிப்போயி வெளியூர் ரசிகர்கள அடிச்சாங்க, தப்பிச்சு ஓடுனவங்களுக்கு வெளிய போற கேட்டு பூட்டியிருந்துச்சு, 70 பேருக்கு மேல செத்தாங்க. சின்னசாமிய அதோட சேத்துப் பேசல, அங்க அரசியல் வேற. ஆனா ஜெயிச்ச கூட்டத்துக்கும் வெறி இருக்கும்னு புரிஞ்சுக்கணும். அதுல போதையும் சேந்துக்கிட்டா யாருக்கு என்ன ஸ்கோருன்னே ஞாபகம் இருக்காது.

போதைன்னதும் ஞாபகம் வருது. பிரிகேட் ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் பப்புல ஒரு ரவுண்டு போயிட்டு போலாம்னு மேட்ச் முடிஞ்சு நிக்கிறாங்களே, அதே ஐடியா அங்க இன்னும் ஆயிரம் பேருக்கு இருக்கும். குடிச்சிட்டு கிரிக்கெட் பேசுறது எவ்ளோ தூரம் போகும்னா, 2022 அக்டோபர்ல நம்ம அரியலூர் பக்கம் ரெண்டு பிரண்டுங்க, ஒருத்தன் கோலி ஆளு, இன்னொருத்தன் ரோஹித் ஆளு, குடிச்சிட்டு பேசிக்கினு இருந்தது முத்திப்போயி ஒருத்தன் இன்னொருத்தன கிரிக்கெட் பேட்டாலயே அடிச்சுக் கொன்னுட்டான். 2024 மார்ச்சுல கோலாப்பூர் பக்கம் டிவியில மேட்ச் பாக்குற எடத்துல, ரோஹித் அவுட்டானதுக்கு சந்தோஷப்பட்ட 63 வயசு சிஎஸ்கே ரசிகர ரெண்டு பேரு அடிச்சு, அவரு ஆஸ்பத்திரில செத்துப்போனாரு. ரெண்டுமே ஸ்டேடியம் இல்ல, ரெண்டுலயும் அடிச்சவன் தெரிஞ்சவன்.

காவிரிய மேட்சுக்குள்ள இழுக்காதீங்க, ப்ளீஸ். 2016 செப்டம்பர் 12 எங்க பக்கத்து ஆளுங்களுக்கு மறக்காது, பெங்களூருல தமிழ்நாடு நம்பர் போட்ட பஸ்ஸுங்கள வரிசையா கொளுத்துனாங்க, பார்டர்ல பஸ்ஸு நின்னுபோயி ஜூஜூவாடி பக்கம் ஜனங்க மூட்டைய தூக்கிக்கினு நடந்தாங்க. அது கிரிக்கெட் இல்ல, ஆனா ஒரு கேலரியில எவனோ "தண்ணி"ன்னு ஒரு கோஷம் போட்டான்னா கிரிக்கெட்டு போயி அது வந்துடும். நாமளும் ஒண்ணும் சுத்தமில்ல, 2018 ஏப்ரல் 10 சேப்பாக்கத்துல காவிரி போராட்டத்தப்ப கிரவுண்டுக்குள்ள செருப்பு வீசுனாங்க, வெளிய மஞ்ச ஜெர்சி போட்டு வந்த சொந்த ஊரு ரசிகர்களையே அடிச்சாங்க, அப்புறம் சென்னை மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போச்சு. அந்த மாதிரி நேரத்துல மேட்ச் வந்தா டிக்கெட் காசு போனா போகுதுன்னு வீட்ல இருங்க, குறைஞ்சது டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 நம்பர் வண்டிய எடுத்துக்கினு போகாதீங்க.

வண்டியே வேணாங்கறது என் கட்சி. கப்பன் பார்க் மெட்ரோ ஸ்டேடியத்துக்கு பக்கத்துலயே இருக்கு, மேட்ச் நாள்ல கடைசி ட்ரெயின் நேரத்தை வழக்கமா தள்ளி வைப்பாங்க, அதை காலையிலயே பாத்துக்கோங்க, ரிட்டர்ன் டிக்கெட்டையும் போகும்போதே வாங்கி வெச்சிடுங்க, ராத்திரி கவுண்டர்ல நிக்கிறதுதான் தொல்லை. மெஜஸ்டிக் போயிட்டா பஸ் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல ஆர்.வி. ரோட்டுல இருந்து பொம்மசந்திரா வரைக்கும் புது லைன் வந்துச்சு, ஓசூர்க்காரங்களுக்கு அது வரம், பேரே மஞ்சள் லைன்தான்.

ஆனா மெட்ரோவுக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ஓடுவாங்க, நாமளும் ஓடுறது தப்பு. சண்டைய விட கூட்டம்தான் அதிகமா ஆள கொல்லுது. 2025 ஜூன் 4, ஆர்சிபி 18 வருஷம் கழிச்சு கப்பு ஜெயிச்ச மறுநாளு, அதே சின்னசாமி கேட்டுங்க முன்னாடி நெரிசல்ல 11 பேரு செத்தாங்க, அங்க எதிர் டீமே கெடையாது, எல்லாரும் ஒரே ஜெர்சி. ஒரு சதுர மீட்டருக்குள்ள அஞ்சாறு பேருக்கு மேல நெருங்கிட்டா அப்புறம் நீங்க நடக்கல, கூட்டம் உங்கள நடத்துது. மிதிபட்டு சாகறத விட நின்ன எடத்துலயே மூச்சு முட்டி சாகறதுதான் ஜாஸ்தி, நெஞ்சு விரிய எடம் இருக்காது. அதனால ரெண்டு கையையும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி மடக்கி நெஞ்சு முன்னாடி வெச்சுக்கோங்க, போன் கீழ விழுந்தா குனியாதீங்க, போனது போனதுதான். கூட்டத்தை எதிர்த்து தள்ளாம, அலை தணியுறப்ப கொஞ்சம் கொஞ்சமா சைடு வாங்குங்க. இதுக்கெல்லாம் முன்னாடி செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, பரிசளிப்பு முடியுற வரைக்கும் சீட்லயே உக்காந்திருங்க. அரை மணி நேரத்துல முக்கால்வாசி கூட்டம் காலியாயிடும், வம்புக்கு நிக்கிறவனுக்கும் போரடிச்சுப் போயிடும்.

இவ்ளோ பேசிட்டு நம்ம ஊரு டோர்னமெண்டை விட்டா அது அநியாயம். ஊத்தங்கரை, அரூரு, பென்னாகரம்னு பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்காத ஊரு ஏது, குட்டியானைல இருபது பேரு ஏறிக்கினு அடுத்த ஊருக்கு நம்ம டீமுக்கு கத்தப் போவோம். அங்க போலீஸும் கெடையாது கேமராவும் கெடையாது, அம்பயரே அந்த ஊரு ஆளு. ரன் அவுட் குடுத்தா ஒரு ஊரே ஒரு பக்கம், குடுக்கலன்னா நாம ஒரு பக்கம், நடுவுல பேட்டும் ஸ்டம்பும் ரெடியா கெடக்கு. அம்பயர்கிட்ட பேசறது கேப்டன் மட்டும்தான்னு வண்டி ஏறும்போதே பேசி வெச்சுக்கோங்க, பாக்க வந்தவன் கோட்டைத் தாண்டி உள்ள போனாலே சண்டை ஆரம்பிச்சிடும். பைக்க வெளிய போற பக்கமா திருப்பி நிறுத்துங்க. அப்புறம் கையில கட்டுற கயிறு, வண்டியில ஒட்டுற ஸ்டிக்கர், ஜெர்சி முதுகுல டீம் பேரு இருக்க வேண்டிய எடத்துல வேற பேரு, இதோட போனா அது கிரிக்கெட் சண்டையா முடியாது. எங்க மாவட்டத்துல அது என்னன்னு யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல.

அடி பட்டுட்டா பண்ற தப்பு, வெக்கப்பட்டுக்கினு வீட்டுக்கு வந்து படுத்துடறது. தலையில அடின்னா, கீழ விழுந்து பின்மண்டை இடிச்சிருந்தா, அப்ப நல்லா இருந்தாலும் அப்புறம் வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சு கொழறல் வந்தா ஒரு நிமிஷம் கூட வீட்ல வெச்சிருக்காதீங்க. மூளை, நரம்பு வைத்தியம் பாக்குற நிமான்ஸ் ஆஸ்பத்திரி பெங்களூரு ஓசூர் ரோட்டு மேலயே இருக்கு, ஊருக்குத் திரும்பற வழிதான். அடிதடி நடக்குறப்பவே 112 அடிக்கலாம், ரெண்டு மாநிலத்துக்கும் அதே நம்பர்தான். புகாரு குடுக்க பெங்களூருக்கு அலையணுமேன்னு விடாதீங்க, 2024 ஜூலையில வந்த புது சட்டப்படி சம்பவம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் சீரோ எஃப்ஐஆர் போடலாம், அவங்க அந்த ஸ்டேஷனுக்கு மாத்தி அனுப்பணும். ஆன்லைன்ல அனுப்புனா மூணு நாளைக்குள்ள போயி கையெழுத்து போடணும். டிக்கெட், ஆஸ்பத்திரி சீட்டு, காயத்தோட போட்டோ எல்லாத்தையும் வெச்சிருங்க, சிசிடிவி பதிவு அழியறதுக்குள்ள சீக்கிரமா போங்க.

என் மாமா பையன் இதுல ஒண்ணும் பண்ணல. டிக்கெட்டையும் அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டான், முழங்கையில தழும்பு இருக்கு, அந்த எண்பது ரூவா கொடிய மட்டும் நான்தான் விட்டுட்டு வரச் சொன்னேன்னு இன்னும் சொல்லிக்கினு இருக்கான்.