பீன்யாவில் முதல் சம்பளமா? ஓ.டி. கணக்கைச் சரிபார்க்கும் முறை

எங்கள் வீட்டு மாடியில் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்கள் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பெங்களூரு பீன்யாவில் ஃபேக்டரி வேலை. மாதச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். வந்த அன்றைக்கே ஒருவனாவது போனை நீட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவான்: "அண்ணா, ஓ.டி. சரியா விழுந்திருக்கான்னு பாருங்களேன்." ஓ.டி. என்றால் ஓவர்டைம், வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் பார்த்த வேலைக்கான பணம். ஆறு முறை வாயால் சொன்னதை ஒரு முறை எழுதி வைக்கிறேன். சம்பளச் சீட்டையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொகையை விடுங்கள், சொல்லைப் பாருங்கள்

சீட்டில் ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் பிடித்தம். வரவில் முதல் வரி பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். அடுத்தது டி.ஏ. இதற்குத் தமிழில் பஞ்சப்படி, அகவிலைப்படி என்று இரண்டு பெயர். நோட்டீஸ் போர்டில் கன்னடத்தில் 'துட்டி பத்யெ' என்று இருப்பதும் இதுதான். விலைவாசி ஏறுவதற்கு ஏற்ப ஏறுகிற பணம். கர்நாடகத்தில் ஏப்ரல் மாதம் மாறும். அதற்கும் கீழே வீட்டு வாடகைப்படி, பயணப்படி. (இத்தனை 'படி' இருப்பதால்தான் இந்தக் கட்டுரையில் 'படி 1, படி 2' என்று நான் எண் போடவில்லை.)

இப்போது மிகைநேர ஊதியத்தைத் தேடுங்கள். 'ஓ.டி.' அல்லது 'ஓவர்டைம்' என்று தனி வரி இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில் இரண்டு வருடம் என் ஓ.டி. பணம் 'இன்சென்டிவ்' என்ற பெயரில் வந்தது. பணம் வந்தால் போதாதா என்று இருந்துவிட்டேன். இன்சென்டிவ் என்பது அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது. எவ்வளவு, எதற்கு என்று கேட்க முடியாது. ஓ.டி. என்று எழுதினால் எத்தனை மணி, என்ன ரேட் என்று பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு சொல்லை மாற்றி எனக்குப் பாதிதான் கொடுத்திருக்கிறார்கள் என்பது, கூட வேலை பார்த்த கோலார்க்காரர் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

ஒரு மணி நேர ரேட்

கணக்குக்கு வசதியாக பேசிக் 10,400, டி.ஏ. 5,200 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 15,600 ரூபாய்.

வார விடுமுறை போக மாதத்துக்கு 26 வேலை நாள். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 600. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 75. இதுதான் 'சிங்கிள்'. ஓ.டி.க்குச் சட்டம் சொல்வது இதில் இரண்டு மடங்கு: மணிக்கு 150. ஷாப் ஃப்ளோரில் 'டபுள்' என்பார்கள். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலும் இரட்டிப்புதான், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இரட்டிப்புதான். "இங்க சிங்கிள்தான் வழக்கம் தம்பி" என்று சூப்பர்வைசர் சொன்னால் அது அவருடைய வழக்கம்.

26-க்குப் பதில் 30-ஆல் வகுப்பது இன்னொரு வேலை. அப்போது டபுள் ரேட் 130 ஆகிவிடும். மணிக்கு 20 ரூபாய்தானே என்று தோன்றும். 24 மணி நேரம் ஓ.டி. பார்த்தவனுக்கு 480 ரூபாய், அதாவது ஒரு வார மெஸ் காசு.

எத்தனை மணி நேரம்?

வாரத்துக்கு 48 மணி நேரம் வரை சாதாரண வேலை. அதற்கு மேல் ஓ.டி. பஞ்சிங் மெஷினை மட்டும் நம்பாதீர்கள். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நீங்களும் நேரத்தைக் குறித்து வையுங்கள். மாடிப் பையன் ஒருவனின் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "செவ்வாய். உள்ளே 8.20. ஷிஃப்ட் 8.30–5.00. வெளியே 8.05. டீ பிரேக் இல்லை. 3 மணி." மாதக் கடைசியில் அவன் கூட்டியது 24 மணி நேரம், கம்பெனி போட்டது 21. மூன்று நாள் ஷீட்டில் ஏறவே இல்லை. நோட்டைக் காட்டியதும் அடுத்த மாதச் சீட்டில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

காம்ப் ஆஃப் என்றால்

இது ஈடு விடுப்பு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டால், அந்த மாதமோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ பதிலுக்கு ஒரு நாள் லீவு தர வேண்டும். இது முறையானது. ஆனால் வாரம் முழுக்க இரவு எட்டு வரை நிறுத்திவைத்துவிட்டு, "ஒரு நாள் காம்ப் எடுத்துக்கோ, ஓ.டி. கிடையாது" என்பது வேறு. அது டபுளுக்கு ஈடாகாது.

பிடித்தம்

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், ஓ.டி. பணத்தில் பிடிக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். இவை போகக் கைக்கு வருவதுதான் நெட்.

கேட்கும் விதம்

"ஓ.டி. கம்மியா இருக்கு சார்" என்று வாயால் கேட்டால் "பாக்கலாம்" என்பதோடு முடியும். "பேசிக், டி.ஏ. சேர்த்து மணிக்கு 75, டபுள் 150, 24 மணிக்கு 3,600 வரணும், சீட்டில் 1,800 இருக்கு" என்று ஹெச்.ஆர்.க்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர்கள், அவர் கொடுக்காவிட்டால் கொடுக்க வேண்டியது கம்பெனிதான் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பன்னேருகட்டா ரோட்டில் கார்மிக பவன இருக்கிறது, தொழிலாளர் துறை அலுவலகம். 'கனிஷ்ட வேதன' என்று அங்கே எழுதியிருந்தால் குறைந்தபட்ச ஊதியம் என்று அர்த்தம். பாக்கி கேட்க மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. அதனால் பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். அட்டையில் பெயரும் டோக்கன் நம்பரும் எழுதிவிடுங்கள். மாடியில் ஆறு பேர் நோட்டும் ஒரே நீல அட்டை. போன வாரம் ஒருவன் அடுத்தவன் நோட்டை எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். முன்னால் போய் நின்றிருக்கிறான்.