மொட்டை மாடியில் பஸ்டர் கீட்டன்: மூன்று மாலைத் திரையிடலுக்கு ஒரு கையேடு

மௌனப் படக் காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் பிறந்தது 1895 அக்டோபர் 4. பிறந்த நாளை ஒட்டிப் படம் போடலாம் என்று ஆசை வரும். புதுச்சேரியில் வேண்டாம். அக்டோபரில் சாயங்கால இடிமழையை நம்ப முடியாது. மாதக் கடைசியில் வடகிழக்குப் பருவமழையே இறங்கிவிடும். அவர் இறந்த 1966 பிப்ரவரி 1-ஐ ஒட்டிய வாரம்தான் வசதி. ஆறேகாலுக்குள் சூரியன் இறங்கிவிடும், ஆறே முக்காலுக்குத் தொடங்கலாம்.

முத்தியால்பேட்டை பக்கத்து மாடிகளில் முதல் எதிரி கடற்காற்று. மாடிப்படி அறைக்கு வெள்ளையடித்த சுவர் இருந்தால் திரையே கட்டாதீர்கள். இல்லையென்றால் 8 அடிக்கு 6 அடி காடாத் துணி, பின்னால் ஒரு கறுப்புத் துணி, இரண்டு சவுக்குக் கம்பு. திரை வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். கிழக்குக் காற்று அப்போது துணியின் ஓரத்தில்தான் படும், மேற்கு வெளிச்சமும் திரையில் விழாது. மேல் விளிம்பைக் கயிற்றால் இறுக்குங்கள். கீழ் விளிம்பைக் கயிற்றால் கட்டினால் காற்று கம்பையே சாய்க்கும். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினால் துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

3000 லூமென்ஸ் புரொஜெக்டர் போதும். தூரக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். மௌனப் படங்களின் சட்டகம் 4:3, இன்றைய புரொஜெக்டர்களோ பெரும்பாலும் 16:9. 6 அடி உயரப் படம் வேண்டுமென்றால் புரொஜெக்டரின் முழு வெளிச்சம் 10 அடி 8 அங்குல அகலத்துக்கு விரிய வேண்டும். வீச்சு விகிதம் (புரொஜெக்டர் இருக்கும் தூரத்தை வெளிச்சத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 என்றால் 16 அடி தள்ளி வையுங்கள். திரையின் 8 அடியை வைத்துக் கணக்குப் போட்டு 12 அடியில் வைத்தால், படம் 6 அடிக்கு 4½ அடியாகச் சுருங்கிவிடும். ‘முழுத்திரை’ பொத்தானை அழுத்தி அதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. கீட்டனின் ஒல்லி முகம் பூசணியாகிவிடும்.

விளக்கு வைத்த புரொஜெக்டரை இன்வெர்ட்டர் வழியாகவே ஓட்டுங்கள். கரண்டு போனால் உள்ளே விசிறியும் நின்றுவிடும், சூடு தணியாமல் விளக்கு கெடும்.

1920-களின் இந்தப் படங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் சீரமைத்த பிரதிகளில் சேர்த்திருக்கும் இசை புதியது, அதற்குத் தனி உரிமை உண்டு. ஒலியை அணைத்துவிட்டு ஒரு கீபோர்டு, ஒரு மிருதங்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விழுகைக்கும் அடி கொடுக்க மிருதங்கக்காரருக்குக் கை துறுதுறுக்கும். முன்பே சொல்லித் தடுத்துவிடுங்கள். கீட்டன் விழுவார், எழுவார், சிரிக்காமல் ஒரு பார்வை பார்ப்பார். சிரிப்பு அந்தப் பார்வைக்குத்தான் வரும். அங்கே வாத்தியம் சும்மா இருக்க வேண்டும்.

படத்தின் நடுவே வசனம் எழுதி வரும் டைட்டில் கார்டுகளைத் தமிழில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். கார்டு சில நொடிதான் நிற்கும். வரிக்கு வரி தமிழாக்கினால் அடுத்த காட்சி பாதி ஓடிவிடும். ஆறேழு சொல்லில், பேச்சுத் தமிழில் எழுதிவைத்துப் படத்தோடு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

இனி அவருடைய வாழ்க்கை. முன்னுரையில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். முதல் மாலை ‘ஒன் வீக்’ (1920), ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924). தொடங்கும் முன் இரண்டே செய்தி போதும்: சின்ன வயதிலிருந்தே அப்பா அவரை மேடையில் தூக்கி எறிந்து வேடிக்கை காட்டினார்; தான் சிரிக்காவிட்டால் ஜனம் அதிகம் சிரிக்கிறது என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். ‘ஷெர்லாக் ஜூனியரில்’ ரயில் தண்ணீர்க் குழாயிலிருந்து விழுந்தபோது கழுத்தெலும்பில் விரிசல் விழுந்ததும், பல வருடம் கழித்தே அது தெரியவந்ததும் படம் முடிந்த பிறகு சொல்ல வேண்டியவை. முன்பே சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாம் மாலை ‘தி ஜெனரல்’. பிரதியின் நீளத்தைப் பாருங்கள். 75–80 நிமிடத்தைவிட வெகுவாக நீண்டால் அது மெதுவாக ஓடும் பிரதி, நகைச்சுவை தொய்ந்துவிடும். இந்தப் படத்துக்கு மட்டும் முன்குறிப்பு அவசியம்: நாயகன் சேர விரும்பும் தென்மாநிலப் படை அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்டது, படம் அதைப் பேசாமல் கடந்துபோகிறது. ஆற்றில் விழுவது பொம்மை இல்லை, நிஜ ரயில் எஞ்சின் என்பதைப் பின்னால் சொல்லுங்கள்.

மூன்றாம் மாலை ‘தி கேமராமேன்’ (1928). அவர் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்துக்குப் போய் எடுத்த முதல் படம். அதன் பிறகு படத்தின் மீதிருந்த பிடி கையைவிட்டுப் போனது, குடி கூடியது, 1933-இல் வேலையும் போனது. பேசுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அது பாதிக் கதைதான். பிறகு மற்றவர்கள் படங்களுக்கு நகைச்சுவை எழுதினார். 1940-இல் எலியனார் நாரிஸை மணந்தார், கடைசிவரை அந்த மணம் நிலைத்தது. 1952-இல் ‘லைம்லைட்’ படத்தில் சாப்ளினோடு நடித்தார். 1960-இல் கௌரவ ஆஸ்கர் வாங்கினார். கனடாவில் எடுத்து 1965-இல் வெளியான ‘தி ரெயில்ராடர்’ என்ற வசனமில்லாத குறும்படத்திலும் நடித்தார். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், கேள்விகளுக்கு மைக் இல்லாமல் கீழே இறங்கிப் பதில் சொல்லலாம்.